ஓடு கழற்றமுன் ஒரு மாலை

ஐந்து கிராம் நிறைகூடத் தேறாத ஒரு வௌவால், லண்டனில் இருக்கும் என் மச்சானை மாரி முழுக்கக் காக்க வைத்துவிட்டது. ஹரோவில் பழைய ஓட்டு வீடு. பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள், முகட்டுக்குள் இன்னொரு அறை எடுக்கலாம் என்று ஐப்பசியில் படம் கீறி நகரசபைக்குக் கொடுத்தார். பார்க்க வந்த சூழலியலாளர் முகட்டுக்குள் ஏறி ரோர்ச் அடித்து, வளை மரத்தடியில் கிடந்த சில எச்சங்களை ஒரு குப்பிக்குள் பொறுக்கிக்கொண்டு இறங்கினார். இனி மே மாதம் வரட்டும், அதற்குமுன் ஒரு ஓட்டையும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மச்சானுக்குக் கோபம். "டேய், வன்னியில எத்தினை வவ்வாலுக்கு நாங்கள் கெற்றப்போலால அடிச்சிருப்பம்? இஞ்ச ஒண்டுக்கு அப்புக்காத்து வைக்கோணும் போல கிடக்கு" என்றார். சிரித்தேன். ஆனால் போனை வைத்த பிறகும் அது மனதை விட்டுப் போகவில்லை. நான் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் கட்டட வேலைகளுக்கு பீ.ஓ.கியூ. (என்ன வேலை, எவ்வளவு என்று வரி வரியாய்ப் போடும் அளவுப் பட்டியல்) எழுதிப் பிழைக்கிறவன். பழைய கூரை கழற்றுவது, சுவர் இடிப்பது, காணி துப்புரவாக்குவது எல்லாம் என் தாளில் முதல் பக்கத்திலேயே ஒவ்வொரு வரியில் முடிந்துவிடும். அந்த வரிகளுக்குள் என்ன கிடக்கிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

பிறகு மச்சான் தனக்கு வந்த அறிக்கையை அனுப்பினார். நல்ல தடிப்பான அறிக்கை. ஒரு வீட்டு முகட்டைப் பற்றி இவ்வளவு எழுதலாமா என்று இருந்தது. பிரித்தானியாவில் 18 வகை வௌவால்கள். அத்தனைக்கும் 1981ஆம் ஆண்டின் வனசீவராசிகள், நாட்டுப்புறச் சட்டத்திலும் 2017ஆம் ஆண்டின் வாழிட ஒழுங்குவிதிகளிலும் பாதுகாப்பு உண்டு. அவை தங்கும் இடத்துக்கும் அதே பாதுகாப்புத்தான். தங்கிய வௌவால் அன்றைக்கு வீட்டில் இல்லாவிட்டாலும் அந்த ஓட்டைக்குச் சட்டம் காவல் நிற்கும். மீறினால் உச்சவரம்பில்லாத தண்டப்பணம், ஆறு மாதம்வரை சிறை. நம்மூர் மேசன்மாருக்கு இதைச் சொன்னால் கள்ளுக் கொட்டிலில் ஒரு கிழமைக்குப் பேசிச் சிரிப்பார்கள்.

ஆய்வு நடக்கும் விதம்தான் எனக்குப் பிடித்துக்கொண்டது. சூரியன் மறையக் கால் மணித்தியாலம் இருக்கும்போதே ஆட்கள் வந்து வீட்டின் மூலைக்கு ஒருவராக நாற்காலி போட்டு இருந்துவிடுவார்கள். இருட்டி ஒன்றரை மணித்தியாலத்துக்கு மேலாகும்வரை எந்த ஓட்டு இடுக்கிலிருந்து எத்தனை வெளியே வருகின்றன, எத்தனை திரும்ப உள்ளே போகின்றன என்று எண்ணுவார்கள். கையில் ஒரு கருவி. வௌவாலின் ஒலி நம் காதுக்கு எட்டாது. அங்கே சாதாரணமாக வீடுகளில் இருக்கும் பிபிஸ்ரெல் என்ற சிறு வகை 45 கிலோஹேர்ட்ஸ் அளவில் கத்தும். கருவி அதை இறக்கி நமக்குக் கேட்கிறமாதிரி டப், டப் என்று தரும். பூச்சியை நெருங்க நெருங்க அந்த டப் டப் நெருங்கிச் சேர்ந்து, கடைசியில் பிடவை கிழிகிறமாதிரி ஒரு இழுப்பு. இரை பிடிபட்டது என்று அர்த்தம். இப்போது இருட்டில் பார்க்கும் அகச்சிவப்புக் கமராவும் வைக்கச் சொல்கிறார்கள். இந்த எண்ணிக்கையை மே தொடங்கிச் செப்ரெம்பருக்குள் செய்தாக வேண்டும். குளிர்காலத்தில் அவை எங்கோ ஒடுங்கி உறங்கிவிடும், மாலையில் காத்திருந்தாலும் ஒன்றும் வராது.

மச்சானின் முகட்டில் ஒன்றிரண்டு ஆண் வௌவால்கள் பகலில் வந்து தங்கிப் போகின்றன என்று முடிவானது. அதனால் அறை கட்டுவது நின்றதா? இல்லை. அனுமதிப்பத்திரம் எடுத்து, குட்டிக் காலம் கழியவிட்டு, ஓடுகளைக் கையால் ஒவ்வொன்றாகக் கழற்றினார்கள். மேல் வரிசையில் ஒரு ஓட்டைக் கொஞ்சம் தூக்கி வைத்து வழி விட்டார்கள். அந்தப் பகுதிக்கு மட்டும் ஓட்டுக்குக் கீழே பழைய வகைத் தார் விரிப்புத்தான் போடவேண்டும் என்று நிபந்தனை. புதுவகை மூச்சுவிடும் விரிப்பில் நாள்போக்கில் நூல் பிரியுமாம். அதில் வௌவாலின் நகம் மாட்டி, தொங்கியபடியே செத்துப்போகுமாம். கட்டட வேலையில் இருக்கும் எனக்கு இந்த ஒரு தகவலே அறிக்கை முழுவதற்கும் பெறுமதி. ஆரோ ஒருவர் கூரைக்குள் போய்க் கையால் தொட்டுப் பார்த்து எழுதிய நிபந்தனை அது.

அங்கேயும் எல்லாம் ஒழுங்கு என்று சொல்லவரவில்லை. லண்டனிலிருந்து வடக்கே போடும் எச்.எஸ்.2 அதிவேகப் பாதையில், பக்கிங்ஹாம்ஷயரில் ஒரு காட்டோரமாக வௌவால்கள் ரயிலில் மோதாமல் இருக்க ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர் நீளத்துக்குக் கூடாரம் கட்டுகிறார்கள். செலவு 100 மில்லியன் பவுண்ஸுக்கு மேல் என்று 2024 நவம்பரில் அந்த நிறுவனத்தின் தலைவரே பொதுமேடையில் சொல்ல, பத்திரிகைகள் கிழிகிழியென்று கிழித்தன. என்னைக் கேட்டால், அந்தக் கூடாரம் பிந்திப்போன கேள்வியின் விலை. தடம் எங்கே போவது என்று கோடு கிழித்து முடித்த பிறகு, அந்தக் காட்டில் ஆர் இருக்கிறார்கள் என்று பார்த்தால் பரிகாரம் இப்படித்தான் விலை ஏறும். மச்சானின் வீட்டில் ஒரு ஓட்டைத் தூக்கி வைத்ததோடு முடிந்தது.

கட்டமுன் நிலத்தைக் கேட்பது வன்னிச் சனத்துக்குப் புதுசு இல்லை. 2009க்குப் பிறகு முகாம்களிலிருந்து திரும்பியபோது எங்கள் காணிகளின் வேலியில் மண்டையோட்டுப் பலகை தொங்கியது. ஹலோ ட்ரஸ்ட், மாக் போன்ற கண்ணிவெடி அகற்றும் நிறுவனங்களின் ஆட்கள் (எங்கள் ஊர்ப் பெட்டையளே பலபேர் அந்த வேலைக்குப் போனார்கள்) நாடா கட்டி, தடி நட்டு, முழங்காலில் இருந்து சாண் சாணாக நிலத்தைக் கிளறிப் பார்த்து, சரி என்று கையெழுத்து வைக்கும்வரை சொந்த வளவுக்குள் ஒருவரும் கால் வைக்கவில்லை. நட்டஈடு, வீட்டுத்திட்டம், மாரி எல்லாம் தலைக்கு மேல் நின்றும் சனம் பொறுத்தது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று மண்ணுக்குள் இருக்கலாம், தெரிந்தவரைக் கூட்டிவந்து பார்ப்பித்துவிட்டுத்தான் அத்திவாரம் என்ற பழக்கம் எங்களுக்கு உடம்பில் ஊறியது. வௌவாலுக்கு அவ்வளவெல்லாம் தேவையில்லை. ஒரு பின்னேரம் போதும்.

சட்டம் இங்கேயும் உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்துக்கு 1988இல் திருத்தம் வந்து, 1993இல் வர்த்தமானியில் பட்டியல் போட்டார்கள். ஒரு ஹெக்டேயருக்கு மேல் காட்டை வேறு தேவைக்கு மாற்றினால், 50 ஹெக்டேயருக்கு மேல் நிலம் வெளியாக்கினால், 4 ஹெக்டேயருக்கு மேல் ஈரநிலத்தை நிரப்பினால் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் நடைமுறைக்குள் போகவேண்டும். ஆரம்பப் பரிசோதனை அல்லது முழுச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு. முழு மதிப்பீடு என்றால் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள். தேசிய ஒதுக்கிடங்களின் எல்லையிலிருந்து ஒரு மைலுக்குள் அபிவிருத்தி வேலை செய்வதென்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் எழுத்துமூல அனுமதியும் வேண்டும். நூறு குடும்பத்துக்கு மேற்பட்ட மீள்குடியேற்றமும் பட்டியலில் இருக்கிறது. ஆனால் அவசரநிலையால் வந்த மீள்குடியேற்றம் அதில் சேராது. எங்களுடையது எது என்று உங்களுக்கே தெரியும்.

பெரிய வலை, பெரிய கண். வன்னியை மாற்றியதும் மாற்றிக்கொண்டிருப்பதும் அந்தக் கண்ணுக்குள் விழாத சின்ன வேலைகள். ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை லட்சம் ரூபா என்று இந்திய வீட்டுத்திட்டம் வந்தது, பிறகு வேறு திட்டங்கள். தேவையான வீடுகள்தான், தறப்பாளுக்குள் எத்தனை காலம் இருப்பது? கூடவே பாடசாலைக் கட்டடம், கடைத்தொகுதி, நெற்களஞ்சியம், வீதி அகலிப்பு, மதகு உடைத்துக் கட்டுதல். தனித்தனியே பார்த்தால் ஒன்றுக்கும் மதிப்பீடு தேவைப்படாது. சேர்த்துப் பார்த்தால் பரந்தன் தொடங்கி மாங்குளம் தாண்டி வவுனியா மட்டும் ஏ9 இரண்டு பக்கத்திலும் பழைய ஓட்டுக்கூரை, இடிந்த சுவர், பொந்து விழுந்த மரம் எல்லாம் அநேகமாக ஒரே தலைமுறைக்குள் போய்விட்டன. வௌவாலுக்கு அவைதான் வீடு. சண்டைக் காலத்தில் சனம் விட்டுப்போன வீடுகளிலும் பங்கர்களிலும் குடியேறியவை அவை. நாங்கள் திரும்பி வந்தோம், அவை எழும்பவேண்டி வந்தது.

இதை எழுதத் தூண்டியது பழைய கூட்டுறவுச் சங்கக் களஞ்சியம் ஒன்று. ஊரைச் சொல்லவில்லை, இன்னும் கேள்வி கோரல் (டெண்டர்) முடியவில்லை. செங்கல் சுவர், முதிரைத் தீராந்தி, முகட்டோடு பாதி விழுந்த ஓட்டுக்கூரை. இடித்துப்போட்டுப் புதுக் கட்டடம் போட மதிப்பீடு கேட்டார்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்தில் சுற்றாடல் விஞ்ஞானம் படித்துவிட்டு வேலைக்குப் பார்த்துக்கொண்டிருந்த ஒன்றுவிட்ட தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

உள்ளே போனதும் எனக்கு மணம்தான் பட்டது. அவள் நிலத்தில் குந்தியிருந்து வேலையைத் தொடங்கிவிட்டாள். கையுறை போட்டு ஒரு எச்சத்தை எடுத்து விரலுக்கிடையில் நெரித்தாள். பொடியாய் உதிர்ந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பொடிக்குள் மினுமினுவென்று பூச்சிச் சிறகுத் துண்டுகள். "எலியெண்டா இறுகிப்போய் இருக்கும் அண்ணா, இப்பிடி உதிராது" என்றாள். பிறகு சுவர் உச்சியைக் காட்டினாள். கைமரம் சுவரில் இருக்கும் இடங்களில் வரிசையாக இடுக்குகள். சிலதில் சிலந்திவலை முழுசாக மூடியிருந்தது, அவை பாவனையில் இல்லாதவை. இரண்டு இடுக்குகளில் வலையே இல்லை. விளிம்பு எண்ணெய் பிடித்துக் கறுத்து வழவழவென்று இருந்தது. உடம்பு உரசி உரசி வந்த கறை. மேற்கு மூலையில், பழைய தராசு நின்ற இடத்தில், வேறொரு குப்பை: அந்துப்பூச்சிச் சிறகுகள், சில்வண்டின் தலை, ஒரு தவளையின் பின்னங்கால். அது போலி இரத்தக்காட்டேரி என்று பெயர் வாங்கிய பெருங்காது வௌவாலின் சாப்பாட்டு மேசை. இரையைப் பிடித்துக்கொண்டு ஒரே இடத்துக்கு வந்து தொங்கியபடி தின்றுவிட்டு மிச்சத்தைப் போட்டுவிடும். இரத்தம் குடிக்காது. எங்கள் நாட்டில் இரத்தம் குடிக்கும் வௌவாலே இல்லை, அவை எல்லாம் அமெரிக்கக் கண்டத்தவை.

காவலுக்கு இருக்கும் அண்ணைக்கு நாங்கள் தேடுவது விளங்கவேயில்லை. "உதுக்கு என்ன தம்பி பாக்கிறது? ரெண்டு பந்தத்தைக் கொளுத்திக் காட்டினா ஒரு நாளில ஓடிடும்" என்றார். ஆனால் எந்த இடுக்கால் வருகின்றன, எது முதல் வரும், எது பிந்தி வரும், மழைக்கு முதல்நாள் எப்படி என்று கேட்டபோது ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். தினமும் பின்னேரம் வாங்கில் இருந்து பீடி பத்துகிறவருக்குத் தெரியாததா? அவர் சொன்ன மூலையிலேயே போய் நின்றோம். வானம் செம்மண் நிறத்திலிருந்து சாம்பலுக்குப் போகும் நேரம் முதலாவது வெளியே விழுந்தது. விழுந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஒரு முழம் கீழே விழுந்த பிறகுதான் சிறகு விரிகிறது. பிறகு ஒன்று, இரண்டு, கொத்தாக. நூறுக்கு மேல் எண்ணிக்கை எனக்கும் அவளுக்கும் ஒத்துப்போகவில்லை. அதனால்தான் இரண்டு பேர் எண்ணவேண்டும், வெளியே வந்ததில் திரும்ப உள்ளே போனதைக் கழிக்கவேண்டும் என்றாள். நன்றாக இருட்டிய பிறகு, ரோர்ச்சில் சிவப்புத் தாள் சுற்றி உள்ளே பார்த்தோம். தாய்கள் போன பிறகும் தீராந்தியில் ஒட்டிக்கொண்டு ரோமம் முளைக்காத குட்டிகள் தொங்கின. அண்ணை அதன்பிறகு பந்தக் கதை எடுக்கவில்லை.

அன்றைக்குக் கொளுத்தியிருந்தால் தாய்கள் தப்பும், குட்டிகள் தப்பாது. அநேக வௌவால்களுக்கு வருடத்தில் ஒரு குட்டிதான். எலியை நினைத்துக்கொண்டு வௌவாலைக் கணக்குப் போடுகிறவர்களுக்கு இது விளங்குவதில்லை. ஒரு கூரையில் ஒரு வருடக் குட்டிகளை இழந்த கூட்டம் பழைய எண்ணிக்கைக்கு வரப் பல வருடம் எடுக்கும்.

கூரையைவிடக் காணி துப்புரவாக்கும்போதுதான் இங்கே கூடுதல் அழிவு. வேலை தொடங்கமுன் முதலில் செய்வது பனைக்குக் காவோலை தட்டுவது. அந்தக் காய்ந்த ஓலைப் பாவாடைக்குள்தான் மஞ்சள் வயிற்று வீட்டு வௌவால் பகலில் நெருக்கியடித்துக் கிடக்கும். விடியச் சாமம் கழித்துத் தட்டினால் கீழே விழுந்து காகத்துக்கு இரை. பொழுதுபட அவை பறந்துபோன பிறகு தட்டினால் ஒன்றும் நடக்காது. கூலியும் ஒன்று, ஆளும் ஒன்று. பற்றை வெட்டும் பெக்கோக்காரரும் வேலிக்கரையைச் சுற்றி வெட்டி நடுவுக்கு வந்து கும்பியாக்கி அன்றைக்கே நெருப்பு வைக்கிறார்கள். நட்சத்திர ஆமையும் அழுங்கும் உடும்பும் ஒடுங்கி ஒடுங்கி அந்தக் கும்பிக்குள்தான் போய்ச் சேரும். றோட்டுப் பக்கமிருந்து தொடங்கிக் காட்டுப் பக்கம் பார்த்து வெட்டிப் போனால் அவை தாமாகவே காட்டுக்குள் போய்விடும். டீசல் ஒரு லீற்றர்கூட மேலதிகமாகச் செலவாகாது. இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, சொன்னால் கேட்காத ஆளையும் நான் அதிகம் காணவில்லை.

ஆனால் வன்னியில் வனம், வனசீவராசி, பாதுகாப்பு என்று வாயெடுத்தாலே சனம் முகத்தைத் திருப்புகிறது. அதற்குக் காரணம் உண்டு. இடம்பெயர்ந்து போன இடைவெளியில் பற்றை வளர்ந்த வயல்களையும் மேட்டுக்காணிகளையும் காடு என்று எழுதி எல்லைக் கல் நட்ட கதை ஊருக்கு ஊர் கிடக்கிறது. அப்பு விதைத்த காணிக்குள் பேரன் கத்தியோடு போனால் வழக்கு. கல் நட்டவர்கள் ஒருநாளாவது அந்த நிலத்தில் நின்று, இது காடா, பதினைந்து வருடம் பராமரிக்காத வயலா என்று பார்த்திருந்தால் வரம்பும் துரவும் சொல்லியிருக்கும். வான்படத்தில் பச்சையாய்த் தெரிந்தது போதும் என்று விட்டார்கள். அதுவும் செய்யாமல் விட்ட ஆய்வின் கதைதான். ஒழுங்கான கள ஆய்வு ஆமையையும் காப்பாற்றும், அப்புவின் உறுதிக்காணியையும் காப்பாற்றும். எங்கள் சனம் ஆய்வுக்கு எதிரி இல்லை, மேசையில் இருந்து கோடு கிழிப்பதற்குத்தான் எதிரி.

மன்னாரில் நடந்ததையும் சொல்லவேண்டும். தீவின் தென்கரையில் 'தம்பபவனி' காற்றாலைகள் முப்பது, 103.5 மெகாவாற். அடுத்ததாக அதானி நிறுவனத்தின் திட்டம் வந்தபோது வழக்குகள் போட்டார்கள், 2025 பெப்ரவரியில் அந்த நிறுவனம் விலகிக்கொண்டது. அதே ஆண்டு வேறு காற்றாலைகளுக்கு எதிராகச் சனம் தெருவில் இருந்தது. பேச்செல்லாம் பெரும்பாலும் பறவைகளைப் பற்றி. நியாயம்தான், மத்திய ஆசிய வலசைப் பாதையின் கடைசித் தரிப்பு மன்னார். வங்காலையில் பூநாரை இறங்கும் பருவத்தில் போய்ப் பார்த்தவருக்கு விளக்கம் தேவையில்லை. ஆனால் உலகத்தில் காற்றாலைகள் நிறையக் கொல்வது வௌவால்களையும்தான். அதுவும் காற்று மெல்லமாக வீசும் இரவுகளில். விசிறி சுழலத் தொடங்கும் காற்று வேகத்தைச் செக்கனுக்கு 5 மீற்றருக்குக் கிட்ட உயர்த்தி வைத்தால் சாவு பாதியளவாவது குறைகிறது என்று வட அமெரிக்காவில் பல இடங்களில் அளந்து கண்டிருக்கிறார்கள். மெல்லிய காற்றில் மின்சாரமும் கொஞ்சம்தான், நட்டமும் கொஞ்சம்தான். இங்கே காற்றாலையைத் தடைசெய்வது அல்லது அப்படியே விடுவது என்று இரண்டு கட்சியாய் நிற்கிறோம். எந்த இரவில் நிறுத்துவது என்ற மூன்றாவது கேள்வியைக் கேட்க முதலில் அங்கே எந்த வௌவால் எந்த மாதம் பறக்கிறது என்று தெரிந்திருக்கவேண்டும்.

வயல்காரருக்கு வௌவால் ஏன் என்று கேட்பார்கள். தாய்லாந்தில் ஒரு வகைக் குகை வௌவால் நெல்லைத் தாக்கும் வெண்முதுகுத் தத்திப் பூச்சியைத் தின்பதைக் கணக்குப் போட்டு 2014இல் ஒரு ஆய்வு வந்தது: அந்த வௌவால்களால் வருடத்துக்கு ஏறத்தாழ 2,900 தொன் அரிசி தப்புகிறது, 26,000 பேருக்கு மேல் சாப்பிடக் காணும். எங்கள் இரணைமடு, முத்தையன்கட்டு வயல்களில் கபிலத் தத்தி இறங்கினால் என்ன பாடு என்று கமக்காரரைக் கேளுங்கள். களஞ்சியத்துக் கூரையில் தொங்குகிறவை இரவில் போவது அந்த வயல்களுக்கு மேலேதான். பழந்தின்னிப் பெரிய வௌவாலுக்கு வேறு வேலை: இலுப்பையின் விதையைக் காவிப் போடுவது, இலவம்பூவுக்கு மகரந்தம் கொண்டுபோவது. மாம்பழத்தைக் கடித்துப் போடுவதும் உண்மைதான். அதை மறைத்து வௌவாலுக்கு வக்காலத்து வாங்க எனக்கு விருப்பமில்லை.

லண்டன் முறையை அப்படியே இறக்கிவிடவும் முடியாது. ஒலிக் கருவி எங்கள் பெரிய வௌவாலைப் பிடிக்காது. பழந்தின்னிகள் பெரும்பாலும் ஒலியால் வழி பார்ப்பதில்லை, கண்ணாலும் மூக்காலும்தான். ஆற்றங்கரை மருதமரத்தில் பகலில் தொங்குவதைக் கீழே நின்று எண்ணுவதே வழி. மரப்பெட்டி அடித்துச் சுவரில் கொழுவுவதும் யோசித்துச் செய்யவேண்டியது, சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே வைத்தால் அவை வெந்துபோகும். காலக்கணக்கும் வேறு. அங்கே குட்டிக் காலத்தை ஒரே வரியில் எழுதிவிடலாம், இங்கே வகைக்கு ஒரு மாதம். பெரிய வௌவால் மாசிக்கும் வைகாசிக்கும் இடையில் குட்டி போடும். குட்டை மூக்குப் பழந்தின்னிக்கு வருடத்தில் இரண்டு முறை. எங்கள் கட்டட வேலையோ தைப்பொங்கல் கழிந்து, காலபோக வெட்டு முடிந்து, கையில் காசு வந்த பிறகு தொடங்கும். ஐப்பசி மழைக்குமுன் கூரை ஏறவேண்டும் என்று எல்லாரும் ஒரே அவசரத்தில் நிற்கும் மாதங்களும் குட்டி மாதங்களும் கணிசமாக ஒன்றுக்குமேல் ஒன்று விழுகின்றன. ஆகையால் நாட்காட்டியை நம்பாமல் அன்றன்று எட்டிப் பார்க்கவேண்டும். குட்டி இல்லையென்றால் மிச்சம் சுலபம்: பாவனையில் இருக்கும் இடுக்குக்கு மேலே நைலோன் வலைத்துண்டு ஒன்றை மேலும் பக்கமும் ஆணியடித்து, கீழ்ப்பக்கம் தொங்கவிடவேண்டும். வெளியே வருவது கீழால் நழுவிப் போகும், திரும்ப உள்ளே நுழைய வழி பிடிபடாது. சில இரவு விட்டு, மாலையில் ஒன்றும் வரவில்லை என்று பார்த்துக்கொண்டு ஓட்டைக் கழற்றலாம்.

களஞ்சிய வேலைக்கு நான் எழுதிய பீ.ஓ.கியூ.வில் கூரை கழற்றும் வரிக்கு முன்னால் இரண்டு வரி சேர்த்தேன்: வேலை தொடங்கமுன் மாலை நேர எண்ணிக்கை, குட்டி இல்லையென்று உறுதியான பிறகு வலை கட்டி விலக்குதல். ஓடு முழுவதும் கையால் கழற்றவேண்டும், முகட்டிலிருந்து கீழ்நோக்கி. கேள்வி எடுக்க வந்த ஒப்பந்தகாரர் ஒருவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, உதுக்கு என்ன றேற் போடுறது?"

"ரெண்டு பேற்ற பின்னேரக் கூலி, வலைக்குக் காசு, பிளேன்ரீக்குக் காசு. அவ்வளவுதான் அண்ணை."

"குட்டி இருந்தா?"

"வேலையைக் கிழக்குப் பக்க அத்திவாரத்தில தொடங்குங்கோ. கூரை பிறகு."

யோசித்துவிட்டு விலையைப் போட்டுக்கொண்டார். அவருக்கு எந்தப் பக்கம் முதலில் தொடங்கினாலும் ஒன்றுதான், முதல் கொடுப்பனவு பிந்தாமல் இருந்தால் சரி. அங்கீகாரப் படிவத்தில் இந்த வேலைக்கென்று தலைப்பு ஒன்றும் இல்லாததால் இரண்டு வரியையும் 'இதர வேலைகள்' என்பதற்குக் கீழே எழுதியிருக்கிறேன். கணக்காய்வில் கேட்டால் காட்ட, தங்கச்சி எண்ணிய தாளையும் பின்னால் குத்தியிருக்கிறது.